மனச்சிதைவு நோயில் சிந்தனைக் கட்டுப்பாடு: மூளைப் படங்கள் கூறுவது என்ன?

மனச்சிதைவு நோய் என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, யாரும் பேசாதபோதே காதில் குரல்கள் ஒலிப்பது. மற்றொன்று, பிறர் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்ற அசையாத நம்பிக்கை. நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்குக் காரணமாக அமைவனவும் பெரும்பாலும் இவையே. மருந்துகளால் இவை பலருக்குத் தணிகின்றன. குரல்கள் அடங்கி வீடு திரும்பியவர் பழையபடி வேலைக்குச் செல்வார் என்று குடும்பத்தார் எதிர்பார்க்கின்றனர். ஆனால், பலருடைய வாழ்வில் நடப்பது வேறு. மூன்று பொருள்கள் வாங்கக் கடைக்குச் சென்றவர் ஒன்றுடன் திரும்புகிறார். தொடங்கிய பணி பாதியில் நிற்கிறது. பதிவேட்டை எழுதும் முறையை மேலதிகாரி மாற்றிச் சொன்ன பின்னரும், பழைய முறையிலேயே பத்துப் பக்கங்கள் எழுதப்பட்டு விடுகின்றன. "சோம்பேறி" என்று வீட்டாரும், "அக்கறையில்லாதவர்" என்று அலுவலகத்தாரும் முடிவு கட்டுகின்றனர். இந்த முடிவு சரிதானா என்ற கேள்விக்கு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக மூளைப் படங்கள் அளித்து வந்துள்ள விடையே இவ்வுரையின் பொருளாகும்.

கேள்வி சிறியதன்று. 2015-16ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சிதைவும் அதையொத்த கடும் மனநோய்களும் வாழ்நாளில் ஒருமுறையேனும் தாக்கியவர்கள், வயது வந்தோரில் நூற்றுக்கு 1.4 பேர் ஆவர். நோய் தொடங்குவது பெரும்பாலும் கல்லூரிப் பருவத்திலோ, முதல் வேலையில் சேர்ந்த காலத்திலோ ஆகும். ஆகவே இழக்கப்படுவது ஒரு மனிதரின் உழைக்கும் ஆண்டுகள் முழுவதுமே எனலாம்.

சிந்தனைக் கட்டுப்பாடு என்று ஆராய்ச்சியாளர்கள் குறிப்பிடும் திறன் எல்லோருக்கும் பழக்கமானதே. தினமும் அலுவலகம் விட்டு வீட்டுக்குச் செல்லும் பாதையில் கால்கள் தாமாகவே நடக்கும். அன்று மாலை மருந்துக் கடைக்குச் செல்ல வேண்டியிருந்தால், அந்த எண்ணம் மனத்தில் விடாது நின்று, பழக்கத்தின் இழுப்பை வென்று, தக்க திருப்பத்தில் கால்களைத் திருப்பியாக வேண்டும். நோக்கத்தை மனத்தில் தாங்குவது, அதற்குப் பொருந்தாத பழக்கத்தை அடக்குவது, சூழ்நிலை மாறினால் முறையையும் மாற்றிக் கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததே இத்திறன். 1935-இல் அமெரிக்க உளவியலார் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இதனை எளிதாகக் காட்டுகிறது. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தை மட்டும் கூறுமாறு கேட்டால், எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் சற்றே தடுமாறுவர். வாசிக்கும் பழக்கம் முந்திக் கொள்கிறது. அதை அடக்க நேரம் பிடிக்கிறது.

இந்நோயாளிகளிடம் இத்தகைய குறை இருப்பது புதிய கண்டுபிடிப்பன்று. நோயை முதலில் தனியாகப் பிரித்துக் காட்டிய ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்பலின், கவனமும் மனவுறுதியும் குலைவதையே அதன் மையமாகக் கருதினார். நடத்துநர் இல்லாத இசைக்குழு என்ற உவமை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. கருவிகள் எல்லாம் நன்றாகவே ஒலிக்கின்றன, ஒருங்கிணைப்பவர் மட்டும் இல்லை என்பது அதன் கருத்து. 1908-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் நோய்க்கு ஸ்கிசோப்ரினியா என்ற பெயரைச் சூட்டியபோதும், குரல்களைவிட எண்ணங்களின் பிணைப்பு தளர்வதற்கே முதலிடம் அளித்தார். பின்னர் வந்த தலைமுறையினர் குரல்களுக்கும் ஐயங்களுக்கும் முன்னுரிமை அளித்தமைக்கு ஒரு காரணம், அவற்றை அடக்கும் மருந்து கையில் கிடைத்ததுதான். 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மருந்து எதைத் தீர்த்ததோ, அதுவே நோய் என்று எண்ணும் போக்கு மெல்லப் பரவியது.

உயிருள்ள மனிதரின் மூளை வேலை செய்வதை வெளியிலிருந்து அளக்க வழி பிறந்த பின்னரே பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 1974-இல் சுவீடனில் டேவிட் இங்வார், கோரான் பிரான்சேன் என்ற இருவர், கதிரியக்கமுள்ள செனான்-133 என்ற வாயுவைப் பயன்படுத்தி, நீண்டகால நோயாளிகளின் மூளையில் இரத்தம் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பாய்கிறது என்பதை அளந்தனர். மூளையின் ஒரு பகுதி மிகுதியாக உழைத்தால் அங்கு இரத்த ஓட்டமும் மிகும் என்பதே இம்முறையின் அடிப்படை. நலமுள்ளவர்களிடம், ஓய்விலிருக்கும்போது, மூளையின் பின்பகுதியைவிட நெற்றிப்பக்கம் ஓட்டம் மிகுதியாக இருக்கும். நோயாளிகளிடம் அந்த ஏற்றம் காணப்படவில்லை. யாரோடும் ஒட்டாமல், செயலற்று ஒதுங்கியிருந்த நோயாளிகளிடம் இக்குறை மேலும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின், 1976-இல், அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேன் கருவியால் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர் நோயாளிகளின் மூளையிலுள்ள திரவ அறைகள் பெரிதாகியிருப்பதைக் கண்டனர். இது மனத்தின் நோய் மட்டுமன்று, மூளையின் நோயுங்கூட என்ற கருத்துக்கு அக்கண்டுபிடிப்பு வலுவூட்டியது.

ஆயினும் சுவீடன் ஆய்வில் ஒரு பெருங்குறை இருந்தது. ஓய்வாகப் படுத்திருக்கும் ஒருவர் என்ன நினைத்துக் கொண்டிருக்கிறார் என்பதை யார் அறிவார்? ஒருவர் மகளின் திருமணச் செலவைக் கணக்கிடலாம். மற்றொருவர் எதையும் நினையாமல் கூரையைப் பார்த்துக் கொண்டிருக்கலாம். இருவரின் இரத்த ஓட்டத்தை ஒப்பிடுவதில் பொருளில்லை. எல்லோருக்கும் ஒரே வேலையைக் கொடுத்து, அதைச் செய்யும்போதே அளக்க வேண்டும். 1986-இல் அமெரிக்கத் தேசிய மனநலக் கழகத்தைச் சேர்ந்த டேனியல் வைன்பெர்கர், காரன் பெர்மன் முதலியோர் செய்தது இதுவே.

அவர்கள் தேர்ந்தெடுத்த வேலை விஸ்கான்சின் சீட்டுச் சோதனை. 1948 முதலே வழக்கிலிருந்த இச்சோதனையில், நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றால் வேறுபடும் சீட்டுகளை நான்கு மாதிரிச் சீட்டுகளுடன் பொருத்த வேண்டும். எதை வைத்துப் பொருத்துவது என்று சொல்லப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் "சரி", "தவறு" என்பது மட்டும் கூறப்படும். நிறமே விதி என்று ஒருவர் கண்டுபிடித்துத் தொடர்ந்து பத்து முறை சரியாகப் பொருத்தியதும், முன்னறிவிப்பின்றி விதி மாறிவிடும். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று தவறாகிறது. நலமுள்ளவர் இரண்டொரு தவறுகளுக்குப் பின் புதிய விதியைத் தேடத் தொடங்குவார். மனச்சிதைவு நோயாளிகளில் பலர், "தவறு" என்று கேட்டுக் கொண்டே பழைய விதியில் சீட்டு வைப்பர். பதிவேட்டில் பழைய முறையிலேயே எழுதப்பட்ட பத்துப் பக்கங்களை இங்கே நினைவுகூரலாம்.

இச்சோதனையின்போது நலமுள்ளவர்களின் நெற்றி மடலில், மேற்புறப் பக்கப் பகுதியில், இரத்த ஓட்டம் உயர்ந்தது. எண்களைப் பொருத்தும் எளிய வேலையின்போது இவ்வாறு உயரவில்லை. அதாவது அப்பகுதி எல்லா வேலைக்கும் விழித்தெழுவதில்லை. விதியைத் தாங்கி, மாற்றும் வேலைக்கே விழித்தெழுகிறது. நோயாளிகளிடம் சீட்டுச் சோதனையின்போதும் அந்த உயர்வு காணப்படவில்லை. இவர்கள் அச்சமயம் மருந்து உட்கொள்ளாதவர்கள் என்பதால், குறையை மருந்தின் மீது சுமத்துவது எளிதாக இல்லை. 1992-இல் அதே குழுவினர் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களை ஆராய்ந்தனர். இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் இருந்த இணைகளில், நோயுற்றவரின் நெற்றிப்பகுதி ஓட்டம் மற்றவருடையதைவிடக் குறைவாகவே இருந்தது. இருவருக்கும் மரபுப்பண்பு ஒன்றே என்பதால், மரபு மட்டுமே இக்குறையை முழுதும் விளக்கிவிடாது என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபணை எழும். எழ வேண்டியதும் ஆகும். நோயாளி முயலவே இல்லை, ஆகவேதான் மூளையும் உழைக்கவில்லை என்று ஏன் கொள்ளக்கூடாது? அவ்வாறாயின் படம் காட்டுவது நோயையன்று, அக்கறையின்மையையே. "சோம்பேறி" என்ற வீட்டாரின் தீர்ப்பை விஞ்ஞானக் கருவியும் திரும்பச் சொன்னதாகவே முடியும்.

இந்த ஆட்சேபணைக்கு விடை தருமாறு அமைக்கப்பட்ட சோதனை ஒன்று உண்டு. ஜானதன் கோஹன், டியானா பார்ச், கேமரன் கார்ட்டர் முதலியோர் இதனைப் பெரிதும் பயன்படுத்தினர். திரையில் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். "ஏ" என்ற எழுத்துக்குப் பின் "எக்ஸ்" வந்தால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் வேறொரு பொத்தான். நூற்றில் எழுபது முறை ஏயும் எக்ஸும் சேர்ந்தே வரும். ஆகவே எக்ஸைக் கண்டதும் முதல் பொத்தானை அழுத்தும் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. இனி, "பி"க்குப் பின் எக்ஸ் வரும்போது, முன்னர் வந்தது பி என்பதை மனத்தில் தாங்கியவரே கையைத் தடுக்க முடியும். மாறாக, ஏக்குப் பின் "ஒய்" வரும்போது நிலைமை தலைகீழாகிறது. ஏயை நன்றாக மனத்தில் தாங்கியவர் எக்ஸை எதிர்பார்த்துக் கை ஓங்கியிருப்பார், அவரே தவறுவார். அதாவது, சிந்தனைக் கட்டுப்பாடு வலுவாக இருந்தால் ஒருவகைத் தவறு கூடும். வலுவிழந்தால் மற்றொரு வகைத் தவறு கூடும்.

அக்கறையில்லாதவர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தவறுவார். மனச்சிதைவு நோயாளிகள் அவ்வாறு தவறுவதில்லை. பிக்குப் பின் எக்ஸ் வரும்போதுதான் அவர்களிடம் தவறு மிகுகிறது. ஏக்குப் பின் ஒய் வரும்போது அந்த அளவுக்கு மிகுவதில்லை. முயற்சி குன்றியதன் அடையாளம் இதில் இல்லை; முன்னர் வந்ததைத் தாங்கி நிற்கும் ஆற்றல் குன்றியதன் அடையாளமே இருக்கிறது. இத்துறையில் செய்யப்பட்டவற்றுள் மிகவும் நேர்மையான ஏற்பாடு இச்சோதனை என்று சொன்னால் மிகையாகாது. நோயாளியைக் குறை கூறுவதற்கு முன் அது அவருக்கு ஒரு வாய்ப்பு அளிக்கிறது.

இதற்குள் படமெடுக்கும் முறையும் மாறிவிட்டது. 1990-இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய அறிஞர், இரத்தத்தில் பிராணவாயு உள்ளதற்கும் இழந்ததற்கும் காந்தப் பண்பில் உள்ள வேறுபாட்டைக் கொண்டே மூளையின் செயலை அறியலாம் என்று எடுத்துக்காட்டினார். கதிரியக்கப் பொருள் எதுவும் உடலில் செலுத்தாமல், செயல்முறை எம்.ஆர்.ஐ. என்னும் முறையில், சில விநாடிகளுக்கு ஒருமுறை மூளை முழுவதையும் படமெடுக்க இதனால் முடிந்தது. 2001-இல் பார்ச் குழுவினர், முதன்முறையாக நோய்வாய்ப்பட்டு, ஒரு மாத்திரைகூட உட்கொள்ளாத நிலையிலிருந்தவர்களை எழுத்துச் சோதனையின்போது இம்முறையில் ஆராய்ந்தனர். நெற்றி மடலின் மேற்புறப் பக்கப் பகுதி உரிய அளவு இயங்கவில்லை. எழுத்தைப் பார்ப்பதற்கும் சொல்லுக்கும் உரிய வேறு பகுதிகளோ மற்றவர்களுடையதைப் போலவே இயங்கின. நோயாளி வேலையில் ஈடுபட்டிருந்தார் என்பதற்கு அதுவே சான்றாகும். தவறு நேர்வதையும், இரு நோக்கங்கள் மோதுவதையும் அறிந்து எச்சரிக்கும் பகுதி ஒன்றும் உண்டு. மூளையின் இரு பாதிகளுக்கும் இடையே உட்பக்கமாக அமைந்த சிங்குலேட் மடிப்பின் முன்பகுதியே அது. அங்கும் நோயாளிகளிடம் எழுச்சி குறைவென்று 2005-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. 2009-இல் மைக்கேல் மின்சன்பெர்க் முதலியோர் 41 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோதும், நெற்றி மடலிலும் சிங்குலேட் மடிப்பிலும் குறைவு தெளிவாகத் தெரிந்தது. வேறு சில பகுதிகளில் மிகை காணப்பட்டது.

இதனைக் கேட்டதும் "நெற்றி மடல் உறங்குகிறது" என்ற எளிய முடிவுக்கு வந்துவிடலாகாது. தாரா மனோக், ஜோசப் காலிகாட் முதலியோரின் ஆய்வுகளில், வேலை எளிதாக இருந்து நோயாளி அதைச் சரியாகச் செய்து முடித்தபோது, அவருடைய நெற்றி மடல் மற்றவர்களுடையதைவிட மிகுதியாக உழைத்தது காணப்பட்டது. இரண்டு எண்ணை நினைவில் வைக்க அவர் மூளை படும் பாடு, மற்றவர் ஐந்து எண்ணுக்குப் படும் பாடு. சுமை மேலும் கூடினால் தாங்காமல் தளர்ந்து விடுகிறது. ஏற்றத்தில் சிறிய எஞ்சின் முதலில் பெரிதாக இரைந்து, பின்னர் நின்றுவிடுவதைப் போன்றது இது. எளிய வேலையை முடித்ததும் இவர்கள் களைத்துப் போவதைக் காண்பவர்களுக்கு இந்த விளக்கம் பயன்படக்கூடும்.

படங்களின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மேற்கூறிய முடிவுகள் யாவும் குழுக்களின் சராசரியைப் பற்றியவை. நோயாளிகளில் சிலருடைய படம் நலமுள்ளவருடையதைப் போலவே இருக்கும். நலமுள்ளவர் சிலருடைய படம் நோயாளியினுடையதை ஒத்திருக்கும். தலை சிறிதளவு அசைந்தாலும் செயல்முறைப் படம் குலைகிறது. புகைப்பழக்கம், மருந்து, உறக்கமின்மை ஆகியவை இரத்த ஓட்டத்தை மாற்றுகின்றன. ஆகவே ஒரு தனி மனிதருக்கு இந்நோய் உண்டா இல்லையா என்பதைச் செயல்முறை எம்.ஆர்.ஐ. படத்தால் தீர்மானிக்க இயலாது. மருத்துவமனைகளில் ஸ்கேன் எடுக்கப்படுவது கட்டி, வீக்கம் போன்ற வேறு நோய் இல்லையென்று உறுதி செய்து கொள்வதற்கே. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநோயைத் தேசிய அளவிலோ சர்வதேச அளவிலோ ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே தீர்மானிக்க வேண்டும் என்று கூறுகிறது. "ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஆகவே இவருக்கு ஒன்றுமில்லை" என்று சான்றிதழ் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கு விஞ்ஞானத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

மருந்துகள் குரல்களை அடக்கியும் இக்குறையைத் தீர்க்காதது ஏன்? தற்போதுள்ள மருந்துகளில் பெரும்பாலானவை டோபமின் என்ற வேதிப்பொருள் பதியும் டி2 என்னும் ஏற்பிகளைத் தடுத்தே செயல்படுகின்றன. அவை மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகளில் செறிந்துள்ளன. நெற்றி மடலில் நோக்கத்தைத் தாங்கும் வேலைக்கோ டி1 ஏற்பிகள் வழியே போதிய டோபமின் தேவைப்படுகிறது. ஓரிடத்தில் மிகையைத் தணிக்கும் மருந்து, மற்றோரிடத்தில் உள்ள பற்றாக்குறையை நிரப்புவதில்லை. இதற்காக மருந்தை நிறுத்தலாம் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. நிறுத்தினால் குரல்கள் திரும்பும். குறையோ அப்படியே இருக்கும்.

1996-இல் மைக்கேல் கிரீன் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, நோயாளி சமூகத்தில் எவ்வாறு வாழ்கிறார் என்பதற்கும் நினைவு, கவனம் முதலிய திறன்களுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டினார். குரல்கள், ஐயங்கள் ஆகியவற்றோடு அத்தகைய தொடர்பு தெளிவாகக் காணப்படவில்லை. இத்திறன்களைப் பயிற்சியால் ஓரளவு உயர்த்தலாம். டில் வைக்ஸ் குழுவினர் 2011-இல் 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், பயிற்சியின் பலன் நடுத்தர அளவினது என்றும், வேலைப் பயிற்சி போன்ற மறுவாழ்வுத் திட்டத்துடன் சேர்த்து அளிக்கும்போது அன்றாட வாழ்வில் அதன் பலன் மிகுதி என்றும் தெரிய வந்தது. கணினி முன் அமர்த்தி விளையாட்டுப் போலப் பயிற்சி கொடுத்துவிட்டு அனுப்பிவிடும் நிலையங்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இச்சோதனைகளைப் பயன்படுத்துவதற்குத் தனி முன்னேற்பாடு தேவை. ஆங்கில எழுத்து அறியாதவருக்கு ஏயும் எக்ஸும் வெறும் கோடுகள். பள்ளிப் படிப்பு இல்லாதவர் சீட்டுச் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெறுவது நோயால் என்று சொல்லிவிட முடியாது. பெங்களூர் தேசிய மனநல, நரம்பு விஞ்ஞானக் கழகம் வயது, கல்வி, பால் ஆகியவற்றுக்கேற்ப இந்தியர்களுக்கான அளவுகோல்களுடன் ஒரு சோதனைத் தொகுதியை 2004-இல் வெளியிட்டது. அத்தகைய அளவுகோலின்றி மேனாட்டு எண்ணோடு ஒப்பிடுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதியாகும்.

அலுவலர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய இடம் இயலாமைச் சான்றிதழ். மனநோயால் ஏற்படும் இயலாமையை அளக்க இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் குழு வகுத்த அளவுகோலில் தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கு துறைகள் மதிப்பிடப்படுகின்றன. ஒருமுறை நேரில் பார்த்து, "நன்றாகப் பேசுகிறார்" என்று குறைந்த மதிப்பு இடுவது எளிது. சிந்தனைக் கட்டுப்பாட்டின் குறை பத்து நிமிட உரையாடலில் தெரியாது. கேள்விக்கு விடை சொல்லும்போது நோக்கத்தைக் கேட்பவரே தாங்கிக் கொள்கிறார். நோயாளி தாமாக ஒரு நாளைத் திட்டமிட்டு நடத்தும்போதுதான் குறை வெளிப்படுகிறது. ஆகவே வேலைத் துறைக்கான மதிப்பீட்டைக் குடும்பத்தாரையும் உடன் பணிபுரிவோரையும் விசாரித்தே செய்தல் வேண்டும். 40 விழுக்காடு என்ற எல்லைக்கு மேலா கீழா என்பதைப் பொறுத்தே, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் அவர் இடம்பெற முடியுமா என்பது முடிவாகிறது.

அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் இயலாமை நேர்ந்த அரசு ஊழியரை விலக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அப்பதவிக்கு ஏற்றவராக இல்லையெனில் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். 2021 டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், மனநோயால் இயலாமையுற்றவர் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவது மறைமுகமான பாகுபாடாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு இருந்தது வேறு மனநோய் எனினும், தீர்ப்பின் கோட்பாடு மனச்சிதைவு நோயாளிகளுக்கும் பொருந்தும். சட்டம் நியாயமான வசதிகள் என்று குறிப்பிடுவதை இந்நோய்க்குப் பொருத்திப் பார்த்தால், செய்ய வேண்டியவை எளியவை: ஒரு வேளையில் ஒரு வேலையைத் தருவது, வரிசையை எழுதி மேசை மீது வைப்பது, விதி மாறும்போது வாயால் மட்டும் சொல்லாமல் எழுத்து மூலம் தெரிவித்து, பழைய படிவங்களை மேசையிலிருந்து எடுத்து விடுவது.